வலை சுருங்கியதா?

நூலின் சொல்நயத்தைப் பாராட்டுவதோடு திறனாய்வு முடிவதில்லை. அந்நூல் எடுத்தாளும் உவமை உண்மையின் சுமையைத் தாங்குமா என்று ஆராய்வதும் அதன் கடமையே. தென்னாப்பிரிக்காவிற் பிறந்த சமூகவியலறிஞர் ஸ்டான்லி கோயன், சமூகக் கட்டுப்பாடு குறித்து 1985இல் வெளியிட்ட நூல் அத்தகைய ஆய்வுக்குரியது.

குற்றம் புரிந்த இளைஞரை வழக்குமன்றத்திற்கு அனுப்பாமல் அறிவுரை, சமூகப்பணி முதலியவற்றின்பால் திருப்பிவிடுவதே மாற்றுவழித் திட்டம். அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் குற்றவியல் ஆணைக்குழு 1967இல் இதனை வலியுறுத்தியது. நோக்கம் நன்றே. ஆயினும் கோயன் ஒரு வினாவை எழுப்புகிறார். திட்டத்திற் சேர்ந்தோர் நூற்றுவர் எனில், அவர்கள் மன்றத்தினின்று மீட்கப்பட்டவர்களா? அன்றி, காவலரின் கண்டிப்போடு வீடு திரும்பியிருக்கக் கூடியவர்களா? பின்னவரே மிகுதி எனில் வலை சுருங்கவில்லை; விரிந்துவிட்டது; அதன் கண்களும் நெருங்கிவிட்டன. சேர்ந்தோர் தொகையையே வெற்றியெனக் காட்டும் அறிக்கைகளின் பிழையை இவ்வுவமை தெளிவாக்குகிறது. தண்டனையை மென்சொற்களால் மூடும் அலுவலக மொழியையும் நூலின் பின்னிணைப்பு ஆராய்கிறது. மொழி பயிற்றுவோர் அப்பகுதியைத் தவறாது படித்தல் வேண்டும்.

எனினும் இவ்வுவமையில் ஒரு குறையுண்டு. வலை விரிவதை அது காட்டுமளவிற்குச் சுருங்குவதைக் காட்டவில்லை. கனடாவை நோக்குவோம். 2003 ஏப்ரலில் அங்கு நடைமுறைக்கு வந்த இளைஞர் குற்றவியல் நீதிச் சட்டம், முதன்முறையாக வன்முறையற்ற குற்றம் புரிந்தோர்க்கு மன்றத்திற்குப் புறம்பான நடவடிக்கையே போதுமானதெனக் கொள்ளப்படும் என்றது. குற்றம் புரிந்தாரெனக் காவல்துறை கண்ட இளைஞருள் 2002இல் பாதிக்கு மேற்பட்டோர்மீது குற்றம் சாட்டப்பட்டது. 2003இல் அவ்விகிதம் பாதிக்குக் கீழிறங்கியது. குற்றஞ்சாட்டப்படாது விடப்பட்டோரையும் காவல்துறைப் புள்ளிவிவரம் எண்ணியதால் இம்மாற்றத்தை அளக்க இயன்றது. சட்டம் உறுதியாயின் வலை சுருங்கவும் கூடும் என்பதற்கு இது சான்று.

ஆனால் இந்த எண்ணும் முழு உண்மையன்று. சிறைக்காவலில் பழங்குடி இளைஞரின் பங்கு, மக்கள்தொகையில் அவர்தம் பங்கினும் மிகுதியாகவே நீடித்தது. பொது விகிதம் இதனைச் சொல்லாது.

ஆகவே நாம் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. மன்றம் சென்றோர் குறைந்தனரா? காவலர் ஏட்டிற் பெயர் ஏறியோர் பெருகினரா? வலையில் எஞ்சியோர் யாவர்? முதலிரண்டையும் கோயனின் உவமை நமக்குக் கற்பிக்கிறது. மூன்றாவதைக் கனடாவின் அனுபவம் கற்பிக்கிறது. ஓர் இளைஞனின் எதிர்காலம் அடங்கிய கணக்கில், இம்மூன்றுள் ஒன்றை விடினும் கணக்குப் பிழையாகும்.