தீயணைப்புத் தலைமையும் டிஜிட்டல் திரையும்

தீ விபத்து நடக்கும் ஸ்தலத்தின் நிர்வாகத்தைக் கணிப்பொறித் திரைகளுக்கு மாற்றிவிட்டால் உயிர்ச்சேதம் தானே குறைந்துவிடும் என்னும் அபிப்பிராயம், லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் மாண்ட 2017-ஆம் ஆண்டுக்குப் பிறகு, தீயணைப்பு நிர்வாகிகளிடமும் அவர்களுக்குச் சாதனங்கள் விற்போரிடமும் மிகவும் வலுப்பெற்று வந்திருக்கிறது. இன்றுள்ள செயலிகளும் டேப்லெட்டுகளும் அன்றிரவு இருந்திருந்தால் அத்தனை பேர் இறந்திருக்கமாட்டார்கள் என்று நல்லெண்ணம் கொண்டவர்களே வாதாடுகிறார்கள். அந்த வாதத்தில் உண்மை சிறிது, மயக்கம் பெரிது என்பது என் நெடுநாளைய எண்ணம்.

அந்தச் சிறிய உண்மையை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தீயில் அகப்பட்டவர்களின் தொலைபேசி அழைப்புகள் நகரின் மறுகோடியில், ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்த கட்டுப்பாட்டு அறைக்கு வந்தன. எந்த மாடியில், எந்த வீட்டில், எத்தனை பேர் என்ற விவரம் அங்கிருந்து கட்டடத்தடிக்கு வந்து, துண்டுக் காகிதங்களில் ஏறி, ஆள்மேல் ஆளாகக் கைமாறி, கீழ்த்தளத்தில் வீரர்களை மேலே அனுப்பிக்கொண்டிருந்த அதிகாரியைச் சென்று சேர்ந்தது. சுவர்களிலும் வீட்டு எண்களை எழுதி வைத்தார்கள். தலைமை வாகனத்தின் கணினி முறை சரிவர இயங்கவில்லை. மேலே சுற்றிய போலீஸ் ஹெலிகாப்டர் எடுத்த படம், சங்கேதக் குறியீடு பொருந்தாத காரணத்தால், தீயணைப்புப் படையின் திரைக்கு வந்து சேரவில்லை. ஒரே பட்டியலை ஒரே கணத்தில் எல்லோருக்கும் காட்டும் ஏற்பாடு இந்தக் குறைகளுக்குத் தக்க பரிகாரம்தான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த இரவின் பெருங்குற்றம் இவற்றில் இல்லை. நாலாம் மாடியில் ஒரு குளிர்பதனப் பெட்டியில் பிறந்த தீ, கட்டடத்தின் வெளிப்புறத்தில் பதித்திருந்த தகடுகளைப் பற்றிக்கொண்டு, இரவு 1:30 மணிக்கு முன்பே இருபத்துநான்கு மாடிகளின் உச்சியையும் தொட்டுவிட்டது என்பதைக் காண எந்தச் செயலியும் வேண்டியிருக்கவில்லை; தெருவில் நின்ற சிறு குழந்தையும் அதைக் கண்டது. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்னும் அறிவுரை கைவிடப்பட்டதோ 2:47 மணிக்கு. 1:30-க்கும் 1:50-க்கும் இடையிலேயே கட்டடத்தைக் காலிசெய்யும் உத்தரவு பிறந்திருக்க வேண்டும் என்று, விசாரணைக்குத் தலைமை வகித்த நீதிபதி மார்ட்டின் மூர்-பிக் 2019-இல் வெளியிட்ட முதல் அறிக்கையில் தீர்மானமாகச் சொன்னார். அத்தகைய உத்தரவு எப்போது அவசியமாகிறது என்று உணரவும், அதை எவ்விதம் நடத்துவது என்று அறியவும் அந்த அதிகாரிகளுக்கு ஒருபோதும் பயிற்சி தரப்படவில்லை என்பதையும் அவரே எழுதினார். விவரம் கண்முன் எரிந்துகொண்டிருந்தது. பழைய விதியைக் கைவிடும் துணிவைத்தான் யாரும் அவர்களுக்குப் பழக்கவில்லை. அந்தத் துணிவை எந்தத் திரை வழங்கும்?

வழங்காதது மாத்திரமன்று, திரை அதைக் குறைக்கவும் கூடும் என்றே அஞ்சுகிறேன். பட்டியலில் ஏறிய ஒவ்வொரு வீட்டு எண்ணும் ஒரே எழுத்தில், ஒரே அளவில், ஒழுங்காக வரிசைப்பட்டு நிற்கிறது. கதவிடுக்கில் புகை வருகிறது என்று இருபது நிமிஷத்துக்கு முன் சொன்னவரும் இக்கணம் மூச்சுத் திணறிச் சொல்பவரும் அங்கே அடுத்தடுத்த இரண்டு வரிகள்தாம். நிறம் மாற்றிக் காட்டலாம், நேரம் குறித்துக் காட்டலாம் என்பார்கள். காட்டினாலும், யாரோ ஒருவர் தட்டச்சு செய்து முடித்த பிறகே அந்த வரி பிறக்கிறது, தீ அதற்குள் அடுத்த மாடிக்கு ஏறியிருக்கிறது. நிரம்பிய பட்டியல், நிலைமை கையடங்கிவிட்டது என்ற பிரமையை, வாகனத்துக்குள் தீக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் மனத்தில் உண்டாக்கவல்லது.

சுவாசக் கருவி அணிந்து உள்ளே செல்லும் வீரரின் பெயர்வில்லையைப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பிளாஸ்டிக் துண்டில் அவர் பெயரும், சிலிண்டரின் அழுத்தமும், நுழைந்த நேரமும் எழுதியிருக்கும். வாசலில் பலகையோடு நிற்பவர் அதை வாங்கிச் செருகி, அட்டவணையைப் பார்த்து, எத்தனை மணிக்கு எச்சரிக்கை விசில் ஊதும் என்று கணக்கிட்டு எழுதுவார். இன்று கருவியே அழுத்தத்தை வாசலிலுள்ள பலகைக்குக் கம்பியில்லாமல் அனுப்பிவிடுகிறது, பெரிய நன்மைதான். ஆயினும் தடித்த கான்கிரீட் சுவர்களுக்கு அப்பால் சமிக்ஞை அறுந்துபோகும் அந்த நிமிஷத்தில், கணக்கிட்டுப் பழகிய கையும், உள்ளே இருப்பது இன்னார் என்று மனத்தில் ஏந்தி நிற்கும் பழக்கமும் அல்லவா உயிரைக் காப்பாற்ற வேண்டும்? சாதனம் வந்த இடத்தில் அந்தப் பழக்கத்தை மெல்ல மெல்லக் கைவிட்டுவிடுகிறோம்.

அதே 2017-ஆம் ஆண்டு மே 22 இரவு, மான்செஸ்டர் அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் மாண்டபோது, போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு ஆகிய மூன்று சேவைகளின் கைகளிலும் டிஜிட்டல் வயர்லெஸ் இருந்தது. மூவரும் கலந்து பேசுவதற்கென்று பொதுவான அலைவரிசைக் குழுவும் இருந்தது. பேசத்தான் ஆள் இல்லை. அரங்கிற்கு மிக அருகிலிருந்த நிலையத்தின் வீரர்கள், துப்பாக்கிதாரி ஒருவன் உலவுகிறான் என்ற சந்தேகத்தால் ஊருக்கு வேறு பக்கத்திலுள்ள நிலையத்துக்கு அனுப்பப்பட்டு, வெடிப்பு நிகழ்ந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகே ஸ்தலத்தை வந்தடைந்தார்கள். சாதனப் பஞ்சத்தால் நேர்ந்த தாமதம் என்று இதைச் சொல்ல முடியுமா?

இத்தனைக்கும், சாதனத்தை முதலில் வைத்து மனிதரைப் பின்னால் வைத்ததன் பலனை பிரிட்டன் முன்னரே அனுபவித்திருக்கிறது. இங்கிலாந்தின் 46 தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறைகளை மூடிவிட்டு, ஒரே கணினி முறையால் பிணைக்கப்பட்ட ஒன்பது மையங்களை நிறுவ வேண்டும் என்று 2004-இல் தொடங்கிய ஃபயர்கண்ட்ரோல் திட்டம், அந்த அறைகளை நாள்தோறும் நடத்தியவர்களின் சம்மதத்தைப் பெறாமல் மேலிருந்து இறக்கப்பட்டு, கணினி முறை வந்துசேராமலே 2010 டிசம்பரில் கைவிடப்பட்டது. குறைந்தது 46.9 கோடி பவுண்டு வீணானதாக அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் மறு ஆண்டு அறிவித்தது. புதிதாகக் கட்டிய மையங்கள் வெறுமனே நிற்க, அவற்றுக்கு வாடகை மட்டும் கட்டப்பட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்திலேதான், 2009 ஜூலையில், லண்டனின் லக்கனால் ஹவுஸில், வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற அதே அறிவுரையைக் கேட்டு நடந்தவர்கள் உட்பட ஆறு பேர் மாண்டார்கள். அதிலிருந்து கட்டுப்பாட்டு அறை கற்க வேண்டியிருந்த பாடம் எட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் கற்கப்படாமல் இருந்ததை மூர்-பிக் அறிக்கை வருத்தத்தோடு பதிந்திருக்கிறது.

அவருடைய பரிந்துரைகளில் கருவிகளும் உண்டு, பயிற்சியும் உண்டு. கருவியை ஒப்பந்தம் போட்டு வாங்கிவிடலாம், மேடையில் அறிமுகம் செய்யலாம். ஓர் அதிகாரிக்கு உத்தரவை மாற்றும் விவேகத்தைப் பழக்குவதற்கோ ஆண்டுகள் பல ஆகும், அதைப் புகைப்படம் எடுக்க முடியாது. ஆகவே புதிய செயலி ஒன்றைப் பெற்றோம் என்று எந்தத் தீயணைப்புப் படை அறிவித்தாலும், அதன் தலைமை அதிகாரிகள் ஒவ்வொருவரும் கடந்த ஓராண்டில் உயர்ந்த கட்டடமொன்றை நள்ளிரவில் முழுதாகக் காலிசெய்யும் ஒத்திகையை எத்தனை முறை நின்று நடத்தினார்கள் என்ற கணக்கையும், அந்தச் செயலி நின்றுபோனதாக வைத்துக்கொண்டு எத்தனை முறை நடத்தினார்கள் என்ற கணக்கையும், விலைச்சீட்டோடு சேர்த்து வெளியிட வேண்டும் என்று கேட்கிறேன்.