ஏழு மதிப்பெண்ணில் அடங்காத வலி

இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்திலிருந்து லின் மெக்அடாம்னியும் நைஜல் கார்லெட்டும் 1993இல் ‘ரூலா’ என்ற மதிப்பீட்டு முறையை வெளியிட்டார்கள். வேலை செய்பவரின் மேற்கை, முன்கை, மணிக்கட்டு, கழுத்து, முதுகு, கால் ஆகியவை எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்து அட்டவணையில் பொருத்தினால், 1 முதல் 7 வரை ஒரு மதிப்பெண் கிடைக்கும். 7 வந்தால் அந்த வேலைமுறையை உடனே மாற்றியாக வேண்டும். காகிதமும் பேனாவும் போதும், கருவி எதுவும் வேண்டாம்.

இந்த எளிமை பெரிய கொடை. “கழுத்து வலிக்குது” என்று தையல்காரர் சொன்னால் மேலாளர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அதே வலி எண்ணாக மேசைக்கு வரும்போது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். வேலையைச் செய்பவரின் உடலுக்கும் மனத்துக்கும் பொருத்தப் பார்க்கும் பணிச்சூழலியலைப் பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து தொழிற்கூடத்துக்குக் கொண்டுவந்ததில் ரூலாவுக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் அந்த எண் ஒரு கணத்துக்கு உரியது. ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தாலோ, ஒரே அசைவு நிமிடத்துக்கு நான்கு முறைக்கு மேல் வந்தாலோ ஒரு புள்ளி கூடும், அவ்வளவுதான். திருப்பூரில் பவர்டேபிள் தையல் இயந்திரத்தின் முன் இரண்டு மணி நேரம் குனிந்தவருக்கும், ஷிப்ட் முடிந்து ஓவர்டைமும் பார்த்தவருக்கும் ஒரே மதிப்பெண் வரலாம். கால்களுக்கோ இரண்டே நிலைகள்: ஊன்றி, சமநிலையில் இருந்தால் 1, இல்லாவிட்டால் 2. திருநெல்வேலிப் பக்கம் மடியில் சுளகை வைத்து, நாள் முழுக்கத் தரையில் சம்மணமிட்டுப் பீடி சுற்றும் பெண்ணின் முழங்காலை அந்த 2 எப்படிச் சொல்லும்? மேல் உடலைக் கணிக்கவே உருவான முறை அது. அதைத் தரையில் அமர்ந்து செய்யும் வேலைகளுக்கு அப்படியே எடுத்துவந்தது நம் ஆய்வாளர்களின் பிழை.

பணிச்சூழலியலில் மனச்சுமையை அளக்கும் பிரிவு வேறு பாதையில் வளர்ந்தது. நாசாவின் ஏம்ஸ் மையத்தைச் சேர்ந்த சாண்ட்ரா ஹார்ட், சான் ஹொசே அரசுப் பல்கலைக்கழகத்தின் லோவெல் ஸ்டேவ்லேண்டுடன் சேர்ந்து 1988இல் வெளியிட்ட ‘டிஎல்எக்ஸ்’ முறை, வேலை செய்பவரையே கேட்கிறது: மூளைக்கு எவ்வளவு வேலை, உடலுக்கு எவ்வளவு, நேர நெருக்கடி, முயற்சி, செய்த வேலையில் நிறைவு, எரிச்சல். ஆறு கேள்விகளில் மனமும் உடலும் ஒரே தாளில் வந்துவிட்டன. விமானிகளைப் பற்றிய ஆராய்ச்சிச் சூழலில் பிறந்த அந்தத் தாள் தையல் கூடங்களுக்கும் போயிருக்க வேண்டும். போனது அபூர்வம். உடலை அளப்பவர் இயந்திரப் பொறியியல் துறையிலும் மனத்தை அளப்பவர் உளவியல் துறையிலும் உட்கார்ந்திருக்க, மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட் இரண்டு துறைக்கும் நடுவே நழுவிப் போகிறது. கழுத்தைக் குனியவைப்பதும் எரிச்சலை ஏற்றுவதும் அந்த ஒரே டார்கெட்தான்.

என் மனத்தாங்கல் கருவிகளின் மீதல்ல, அவற்றைக் கொண்டு எழுதப்படும் ஆய்வேடுகளின் மீது. இத்தனை பேருக்கு 6, இத்தனை பேருக்கு 7 என்று அட்டவணை போட்டு, உயரம் மாற்றத்தக்க நாற்காலியைப் பரிந்துரைத்ததோடு பல முடிந்துவிடுகின்றன. நாற்காலி வந்ததா, வந்தபின் வலி குறைந்ததா என்று பார்க்க யாரும் திரும்பிப் போவதில்லை.

அளந்து எழுதிவைப்பதால் மட்டும் மாற்றம் வந்துவிடாது. நெடுநேரம் நிற்பது காலுக்கும் முதுகுக்கும் கேடு என்பது ஆய்வுலகுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரியும். ஆனாலும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்ற சட்டத் திருத்தம் கேரளத்தில் 2018இல்தான் வந்தது. அதைப் போராடிப் பெற்றவர்கள் கோழிக்கோட்டுக் கடைகளில் நின்றே வேலை பார்த்த பெண்கள். தமிழ்நாட்டில் 2021இல் வந்தது.

ஆய்வு நெறியாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆய்வேட்டில் கழுத்தின் கோணத்துக்குப் பக்கத்திலேயே டார்கெட்டையும் வேலை நேரத்தையும் கூலியையும் பதியச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அதே கூடத்தில் மறுபடி அளக்காத ஆய்வுக்கு ஒப்புதல் தராதீர்கள்.