மூதாட்டியின் முறையீடு

தேர்தல் காலத்தில் புதுவைத் தெருமுனைகளில் மேடைகள் எழுவதும் ஒலிபெருக்கிகள் முழங்குவதும் இன்றும் உண்டு. ஆயினும் வாதப் பிரதிவாதங்கள் பெரும்பாலும் கைப்பேசிக்குள் குடிபுகுந்துவிட்டன. இம்மாற்றத்தால் நாம் பெற்றது என்ன, இழந்தது என்ன? 2021-ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று இதற்கு விடை பகர்கின்றது.

அவ்வாண்டு பிப்ரவரி 17 அன்று ராகுல் காந்தி புதுவை மீனவ மக்களைச் சந்தித்தார். மூதாட்டி ஒருவர் எழுந்து, தங்களுக்கு ஆதரவாக யாருமில்லை என்றும், புயலின்போது முதல்வர்கூட வந்து பார்க்கவில்லை என்றும் தமிழில் முறையிட்டார். அருகில் நின்ற முதல்வர் நாராயணசாமியோ, நிவர் புயலின்போது தாம் வந்து நிவாரணம் வழங்கியதாக அவர் கூறுகிறார் என்று ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். தாம் அங்குச் சென்றது உண்மையே என்று பின்னர் விளக்கமும் அளித்தார்.

அக்காட்சி சில மணி நேரத்தில் நாடெங்கும் பரவியது. சமூக ஊடகம் இல்லாதிருந்தால், அம்மூதாட்டியின் சொல் அக்கடற்கரையிலேயே அடங்கியிருக்கும். அதிகாரத்தில் உள்ளோரின் சொல்லை எளியோரின் சொல்லோடு ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு வாய்ப்புக் கிட்டியது. இது மறுக்கவொண்ணாத நன்மையே.

ஆனால் அடுத்து நாம் செய்தது என்ன? நகைத்தோம், பகிர்ந்தோம், மறந்தோம். புயல் நிவாரணம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை? துறைமுகத்துக்கு வடக்கே அலைகள் பல்லாண்டுகளாகக் கரையை அரித்துவருவதற்கு எக்கட்சி என்ன தீர்வு வைத்திருக்கிறது? இவற்றையன்றோ அத்தேர்தலில் நாம் கேட்டிருக்க வேண்டும்! முறையீட்டின் பொருளை மாற்றியவர் முதல்வர் எனில், அதனை வேடிக்கையாக மாற்றியவர்கள் நாம்.

அதே தேர்தலில், ஆதார் வழியாக வாக்காளரின் கைப்பேசி எண்களைப் பெற்று அவர்களை வாட்ஸ்அப் குழுக்களில் சேர்க்க பாரதிய ஜனதா கட்சி முனைந்ததாக எழுந்த குற்றச்சாட்டு சென்னை உயர் நீதிமன்றத்தை எட்டியது. கட்சி அதனை மறுத்தது. எண் கிடைத்த வழி எதுவாயினும், அத்தகைய குழுக்களின் இயல்பை நாம் அறிவோம். தெருமுனைக் கூட்டத்தில் மாற்றுக் கட்சியினரும் நின்று கேட்பர், எதிர்க்கேள்வி எழுப்புவர். குழுவிலோ ஒரே கருத்துடையோர் ஒருவர்க்கொருவர் தலையசைப்பர். கேள்வி கேட்பவர் வெளியேற்றப்படுவார்.

வாக்காளரின் எண் எல்லாக் கட்சிகளுக்கும் தேவைப்படுகின்றது. அவரது குரல் எவருக்குத் தேவைப்படுகின்றது? அடுத்த முறை ஒரு காட்சியைப் பகிருமுன், அதில் பேசுபவர் கேட்பது என்னவென்று ஒருகணம் செவிமடுப்போம். அம்மூதாட்டிக்கு நாம் பட்ட கடன் அது.