பொடி கலந்த படலத்தை ரசிப்பது எப்படி?

சீலிங் ஃபேன் மந்தமாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் முதலில் சந்தேகப்படுவது கண்டன்சரைத்தான். இன்றைய ஃபேன் கண்டன்சருக்குள் பெரும்பாலும் இருப்பது சுருட்டி வைத்த பாலிபுரொப்பிலீன் படலம். அதன் ஒப்புமை விடுதிறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்க உதவும் திறனை வெற்றிடத்தோடு ஒப்பிடும் எண், வெறும் 2.2. பேரியம் டைட்டனேட் என்ற பீங்கானுக்கோ அது ஆயிரத்துக்கு மேல். ஆனால் அந்தப் பீங்கானைச் சுட்டெடுக்க 1,200, 1,300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும்; வளைத்தால் உடையும். பொடித்து பிளாஸ்டிக்கில் கலந்துவிட்டால்? அந்த ஆசையில் பிறந்தவைதான் பீங்கான் பொடி கலந்த பாலிமர் படலங்கள். ஆசை எங்கே பலித்தது, எங்கே பொய்த்தது என்று பார்ப்பதில்தான் சுவாரசியம்.

முதலில் ஒரு கணக்கு. விடுதிறன் 4 உள்ள எபாக்சி பிளாஸ்டிக்கில் 1,000 உள்ள பொடியைக் கன அளவில் சரிபாதி கலக்கிறோம். ஐந்நூறு வரும் என்று தோன்றும். மேக்ஸ்வெல் கார்னெட் 1904-இல் தந்த சூத்திரத்தில் போட்டால் வருவது ஏறக்குறைய 16! நிஜப் படலங்களில் பொடியின் மணிகள் நெருங்கி உரசிக்கொண்டிருப்பதால் சற்றுக் கூடும். அப்போதும் சில பத்துகள்தான். உருண்டையான ஒரு மணிக்குள் நுழையும் மின்புலம் வெளியே உள்ளதில் ஏறக்குறைய 1.2 சதவீதமே. பீங்கான் சும்மா இருக்கிறது, பாடெல்லாம் பிளாஸ்டிக்குக்கு. பொடியின் விடுதிறனை 5,000 ஆக்கினாலும் அந்தச் சூத்திரத்தின் விடை 16-ஐத் தாண்டாது. ஆகவே ‘அபார விடுதிறன் கொண்ட புதுப் பொடி’ என்று எந்த ஆய்வுக் கட்டுரையாவது மார்தட்டினால் மெல்லச் சிரித்துக்கொள்ளலாம்.

இனி இத்தகைய கட்டுரைகளில் வரும் வரைபடம். கிடை அச்சில் அதிர்வெண், பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில் தொடங்கி மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். எல்லோரும் விடுதிறன் கோட்டைப் பார்ப்பார்கள். நீங்கள் டான் டெல்டாவைப் பாருங்கள், வெப்பமாக வீணாகும் பங்கைச் சொல்வது அதுதான். இடது ஓரத்தில் இரண்டு கோடுகளும் சேர்ந்து செங்குத்தாக ஏறினால் அது பொருளின் பெருமை அல்ல. பொடியும் பாலிமரும் சந்திக்கும் எல்லைகளில் மின்னூட்டங்கள் தேங்கி நிற்கின்றன. ஈரம் உறிஞ்சிய படலத்தில் இது இன்னும் மோசமாகும். அங்கே கிடைக்கும் முந்நூறு, நானூறு என்ற எண்களை நான் நம்புவதில்லை. வலப்பக்கம் டான் டெல்டாவில் ஒரு மேடு தெரிந்தால் மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். மாறும் மின்புலத்தோடு திரும்ப முடியாமல் பாலிமரின் இருமுனைகள் திணறும் இடம் அது. சூடேற்றினால் சங்கிலிகள் இளகும், மேடு இன்னும் வலப்பக்கம் நகரும். மூலக்கூறுகளின் அசைவை மின் அளவியாலேயே இப்படிக் காண முடிவது எனக்கு இன்றும் வியப்புதான்.

முறிவு மின்புலத்தை, அதாவது படலம் எவ்வளவு மின்புலத்தில் துளைபடும் என்பதைச் சொல்லாத கட்டுரை பாதிக் கட்டுரை. மணிக்குள் நுழையாத மின்புலம் மணியின் இரு முனைகளிலும் குவிகிறது, அங்குள்ள பாலிமரில் ஏறக்குறைய மூன்று மடங்கு. பொடி கட்டிதட்டியிருந்தாலோ காற்றுக்குமிழி சிக்கியிருந்தாலோ அங்கேதான் முதலில் துளை விழும். படலத்தில் தேங்கும் ஆற்றல் மின்புலத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. விடுதிறனை இரட்டித்து, தாங்கும் மின்புலத்தைப் பாதியாக்கினால் கையில் மிஞ்சுவது பழைய ஆற்றலில் பாதி. பொடிக்கு சிலேன் என்ற வேதிப்பொருளைப் பூசி பாலிமரோடு ஒட்டவைக்க ஆய்வாளர்கள் இத்தனை மெனக்கெடுவது இதனால்தான்.

என் ரசனையைக் கேட்டால், பீங்கான் பெரிய எண்ணுக்காகச் சேர்க்கப்படாத இடமே அழகு. டெஃப்லான் என்று நாம் அறிந்த பி.டி.எஃப்.இ.யின் படிக அமைப்பு 19 டிகிரி செல்சியஸ் அருகே மாறும். சூட்டில் அது நிறையவே விரியவும் செய்யும். பீங்கான் பொடி சேர்த்து அந்த விரிவை அடக்குகிறார்கள். கார்களின் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் பலகைகளில் பயன்படும் ரோஜர்ஸ் நிறுவனத்தின் ஆர்.ஓ.3003 அப்படிப்பட்டது. 10 கிகாஹெர்ட்ஸில் விடுதிறன் 3.00, டான் டெல்டா இழப்பு 0.001. ஒரு டிகிரி சூடு கூடினால் விடுதிறன் மாறுவது பத்து லட்சத்தில் மூன்று பங்குதான். இதன் வரைபடத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அந்தத் தட்டைக் கோட்டுக்குத்தான் காசு.