மாக்கோழியும் மண்ணாடும்: சின்னத்திரைக்கு ஓர் எடைக்கல்

மும்பைத் தமிழர் வீடுகளில் இன்றைக்குத் தமிழ் வாத்தியார் யார் என்று கேட்டால், பள்ளிக்கூடத்தைக் கைகாட்ட முடியாது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கோவண்டியில் பிறந்து வளரும் பிள்ளைக்குத் தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும். வீட்டில் அம்மா, பாட்டி பேசுவது போக, காதில் விழும் தமிழில் பெரும்பங்கு டி.வி. பெட்டியிலிருந்துதான் வருகிறது. ஆக, சீரியலும் ரியாலிட்டி ஷோவும் நம் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிட்டன. பாடப்புத்தகம் என்றால் அதற்கு ஒரு மதிப்புரை எழுதத்தானே வேண்டும்?

“சீரியலா? அதெல்லாம் பெண்டுகள் பார்ப்பது” என்று ஆண்கள் சொல்வது சும்மா பேச்சு. பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பவர்கள்தான் அதிகம். எங்கள் சமண வழக்கப்படி பொழுது சாயுமுன் சாப்பாடு முடிந்துவிடும். அதற்கப்புறம் கடைக் கணக்கும் டி.வி.யும்தான். 1999 கடைசியில் ராதிகாவின் ‘சித்தி’ தொடங்கியதிலிருந்து இன்றுவரை பார்த்து வருகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

எடைக்கல் எது?

வியாபாரியிடம் எதைக் கொடுத்தாலும் முதலில் எடைக்கல்லைத் தேடுவான். நான் தேடியபோது ஐஞ்சிறுகாப்பியங்களில் இரண்டு கல் கிடைத்தன. இந்த ஐந்து நூல்களும் சமணர் இயற்றியவை என்பது வாசகர் அறிந்ததே.

முதலாவது யசோதர காவியம். அரசன் யசோதரன், தன் மனைவி அமிர்தமதி யானைப்பாகன் ஒருவனிடம் மனம் வைத்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிடுகிறான். தாய் சந்திரமதியிடம் உண்மையைச் சொல்லாமல், கெட்ட கனவு கண்டதாகச் சொல்கிறான். தாய், தேவிக்கு உயிர்ப்பலி கொடு என்கிறாள். மகன் மறுக்கிறான். “சரி, மாவினால் கோழி செய்து அதை வெட்டு” என்று தாய் இறங்கி வருகிறாள். அவனும் வெட்டுகிறான். பிறகு அமிர்தமதி இருவருக்கும் நஞ்சு வைத்துக் கொல்கிறாள். மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறப்பதில் தொடங்கி, இருவரும் பிறவி பிறவியாக விலங்குகளாகிச் சீரழிகிறார்கள்.

மாவுதானே, உயிரில்லையே, இதற்கா இத்தனை தண்டனை? வாள் ஓங்கிய கையின் பின்னால் கொலை செய்யும் எண்ணம் இருந்தது என்பதுதான் காவியத்தின் விடை. சமண நூல்கள் இதைப் பாவ ஹிம்சை என்று சொல்லும். அதாவது மனத்தால் செய்யும் கொலை.

இரண்டாவது நீலகேசி. சுடுகாட்டில் தவம் செய்யும் முனிச்சந்திரர், காளிக்குப் பலி கொடுக்க வந்தவர்களைத் தடுத்து, மண்ணால் ஆடு செய்து வைத்து வணங்குங்கள், தேவிக்கு அது போதும் என்று சொல்லி அனுப்புகிறார்.

மாக்கோழி பாவம், மண்ணாடு புண்ணியமா? இரண்டும் பொம்மைதானே! யோசித்துப் பார்த்தால் முரண்பாடு இல்லை. மண்ணாட்டை யாரும் வெட்டவில்லை. அது கத்தியைக் கீழே வைக்கச் செய்தது. மாக்கோழியோ கத்தியை எடுக்கச் செய்தது. நடிப்பு என்பதும் இப்படி ஒரு பொம்மைதான். ஒரு தொடரைப் பார்த்து எழுந்திருக்கும்போது நம் மனத்தில் கத்தி கீழே இறங்கியிருக்கிறதா, மேலே ஏறியிருக்கிறதா? இதுவே என் எடைக்கல்.

தொடர்கள் தராசில்

2002இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’யை எடுத்துக்கொள்வோம். திருமுருகன் இயக்கியது. சிதம்பரம் என்ற தகப்பனும் ஐந்து பெண்களும். கொடுமைக்கார மாமியாரும் கையாலாகாத மாப்பிள்ளையும் இதிலும் உண்டு. ஆனால் கதையின் கண், அடிக்கிறவன் பக்கம் நிற்காமல் அந்தக் கிழவரின் முகத்தில் நின்றது. பார்த்து முடித்தவர்கள் ஊரில் கட்டிக் கொடுத்த மகளுக்குப் போன் போட்டு, “நல்லா இருக்கியாம்மா” என்று கேட்டார்கள். இது மண்ணாடு.

திருச்செல்வம் இயக்கிய ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை ஓடியது. கட்டுமானத் தொழிலில் தானே நிமிர்ந்து நின்ற அபி என்ற பெண்ணைக் காட்டியது பெரிய காரியம். அவளுடைய நண்பனுக்குத் தொல்காப்பியன் என்று பெயர் வைத்து, அதைத் ‘தொல்ஸ்’ என்று சுருக்கியதை மட்டும் தமிழ் படித்தவன் மன்னிக்க மாட்டான்! அது விளையாட்டுக்குச் சொன்னேன். உண்மையான குறை வேறு. ஆதியின் வன்மம் ஆறு வருஷம் அணையாமல் எரிந்தது. ஒரு கட்டத்துக்குமேல் அபி என்ன கட்டினாள் என்பதைவிட ஆதி இன்று என்ன இடித்தான் என்பதற்காகவே வீடுகளில் டி.வி. போடப்பட்டது.

அதே திருச்செல்வம் 2022இல் ‘எதிர்நீச்சல்’ கொண்டுவந்தார். படித்த பெண்களை மருமகளாக்கி அடுப்படியில் பூட்டும் குடும்பம். நம் சமூகங்களில், பம்பாயிலும்கூட, இன்னும் நடக்கிற உண்மை இது. அந்தத் துணிவுக்கு ஒரு சபாஷ். ஆனால் ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்த நடிப்பு அவ்வளவு உயிரோடு இருந்ததால், அவருடைய “ஏய் இந்தாம்மா” என்ற அதட்டலைச் சின்னப் பிள்ளைகள்கூட வீட்டில் சொல்லிச் சிரித்தார்கள். 2023 செப்டம்பரில் அவர் காலமானபோது எல்லோரும் வருந்தினோம். நடிகர் வென்றார், சந்தேகமில்லை. ஆனால் அந்த நாலு பெண்களின் சொல்லைவிட அதட்டியவனின் சொல் பிள்ளைகள் வாயில் தங்கியது என்றால், தொடர் தான் சொல்ல வந்ததில் பாதியைத் தோற்றுவிட்டது.

ஏன் முடிச்சு அவிழ்வதில்லை? காரணம் வியாபாரம். நம்ம பக்கத்தில் ‘பார்க்’ என்றால் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம். சின்னத்திரைக்காரர்களுக்கு அதே எழுத்தில் இன்னொரு ‘பார்க்’ உண்டு. 2015 முதல் வாராவாரம் எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கு வெளியிடுகிற அமைப்பு அது. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் விளம்பரம் வரும். பகை தீர்ந்தால் கதை முடியும், கதை முடிந்தால் வரும்படி போகும். ஆகவே வில்லியின் வினை பழுக்கவே பழுக்காது. யசோதரன் கதையில் ஒரு மெகாத் தொடருக்கு வேண்டிய அத்தனை சரக்கும் இருக்கிறது: கள்ளக் காதல், மாமியார், நஞ்சு. புலவர் 300 பாட்டுக்குச் சற்றே கூடுதலாகப் பாடி, வினையின் பலனையும் காட்டி முடித்துவிட்டார். நம்மவர்கள் நஞ்சுக் கிண்ணத்தை எடுத்து வரவே மூன்று மாதம் ஆக்குவார்கள்.

உயிருள்ள கோழி

சீரியலிலாவது வெட்டுப்படுவது மாவு. ரியாலிட்டி ஷோவில் வெட்டுப்படுவது உயிர்.

1999இல் நெதர்லாந்தில் தொடங்கிய ‘பிக் பிரதர்’ 2006இல் இந்திக்கும் 2017 ஜூனில் தமிழுக்கும் ‘பிக் பாஸ்’ என்று வந்தது. கமல்ஹாசன் ஏழு சீசன் நடத்தினார். 2024இல் விஜய் சேதுபதி வந்தார். வார இறுதியில் கமல் நூல்களைப் பற்றிப் பேசியதை நான் விரும்பிக் கேட்டேன். ஆனால் நிகழ்ச்சியின் அச்சாணி அதுவன்று. சிலரை ஒரே வீட்டில் அடைத்து, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க வைத்து, யாரை வெளியேற்றலாம் என்று நம்மிடம் ஓட்டுக் கேட்பதே அச்சாணி. முதல் சீசனில் ஓவியா மனம் உடைந்து வெளியேறியதை நாம் நடுக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். அந்தக் கண்ணீருக்கு யாரும் வசனம் எழுதித் தரவில்லை.

ஜீ தமிழின் ‘சொல்வதெல்லாம் உண்மை’ ஏழைக் குடும்பங்களின் சண்டையைக் கேமரா முன் பிரித்துப் போட்டது. 2018இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அதில் சிலருக்கு நியாயம் கிடைத்திருக்கலாம். ஆனால் பணக்காரர் வீட்டுச் சண்டை ஏன் அந்த மேடைக்கு வரவில்லை?

‘சூப்பர் சிங்கர்’ விஷயத்தில் இரண்டு பக்கமும் சொல்லவேண்டும். பழைய பாட்டுகளை நம் பேரப்பிள்ளைகள் முணுமுணுக்க அதுவும் ஒரு காரணம், நன்றி. ஆனால் தோற்ற குழந்தை அழும்வரை கேமரா காத்திருக்கிறதே, அது எந்தச் சங்கீதத்தில் சேர்த்தி? குழந்தைக் கலைஞர்கள் நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, இடைவெளியில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 2017இல் மத்திய அரசு விதி வந்தது. நேரத்துக்கு விதி வந்துவிட்டது. கண்ணீருக்கு என்ன விதி? 2019இல் வந்த ‘குக்கு வித் கோமாளி’யில் தோற்றவரும் சிரித்துக்கொண்டே போகிறார். யாரையும் புண்படுத்தாமல் ஆளைக் கட்டிப்போட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

விவாத நிகழ்ச்சிகளில் விசுவின் ‘அரட்டை அரங்கம்’ ஊர் ஊராகப் போய்ச் சாமானியர்களைப் பேச வைத்தது. 2006 முதல் கோபிநாத் நடத்தும் ‘நீயா நானா’ நல்ல தலைப்புகளை எடுத்திருக்கிறது. அதற்கும் நீலகேசியே உரைகல். பேயாக வந்து முனிவரிடம் அறம் கேட்டுத் திருந்திய நீலகேசி, குண்டலகேசி முதலியோரோடு வாதம் செய்யும்போது எதிராளியின் கட்சியை முதலில் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் மறுக்கிறாள். நம் நிகழ்ச்சிகளில் எதிராளி வாயைத் திறக்குமுன் கைதட்டல் வந்துவிடுகிறது.

பார்ப்பவன் பங்கு

நாம் வாழும் கோவண்டிக்கு அடுத்தாற்போல்தான் தேவ்னார் கசாப்புக் கூடம். ஆடு ஏற்றிய லாரியைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் நம்மிலும் உண்டு. கொலை கொலைதான், என் சமயம் அதை ஏற்காது. ஆனால் அங்கே வேலை செய்கிறவர் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்கிறார். ஒருத்தி அழுவதை நாம் இரவு ஒன்பது மணிக்குப் பொழுதுபோக்காகப் பார்க்கிறோமே, அது எந்த வயிற்றுக்கு?

வினை மூன்று வழியாக ஒட்டும் என்பார்கள் எங்கள் பெரியவர்கள்: செய்தல், செய்வித்தல், உடன்படுதல். செய்கிறவர் தயாரிப்பாளர். செய்விக்கிறவர் விளம்பரம் தருபவர். உடன்படுகிறவர் நாம். “சும்மா பார்க்கத்தானே செய்கிறேன்” என்ற பேச்சு எடுபடாது.

டி.வி.யை உடைக்கச் சொல்லவில்லை, சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஒன்றே ஒன்று செய்யலாம். பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். முடிந்ததும், “இதில் யார் செய்தது சரி? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?” என்று தமிழில் கேளுங்கள், தமிழிலேயே பதில் வாங்குங்கள். ‘பழிவாங்குவேன்’, ‘சவால்’, ‘சொத்து’, ‘வெளியே போடி’ எல்லாம் பிள்ளைகளுக்குச் சின்னத்திரை கற்றுக்கொடுத்துவிட்டது. தமிழில் திட்டத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழில் சமாதானம் சொல்லத் தெரியவில்லை. மன்னிப்பு, பொறுமை, இரக்கம் என்ற சொற்களையும் அவர்கள் யார் வாயிலிருந்தாவது கேட்டாக வேண்டும். பெட்டி சொல்லாவிட்டால் நாம்தான் சொல்லவேண்டும்.