யாழும் இணையமும்

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்கு 48 பிடாரர்களை அமைத்த செய்தியைக் கல்வெட்டு அறிவிக்கின்றது. அன்று பண்ணிசை கேட்க விழைந்தார் பாடுவார் உள்ள இடத்தை நாடிச் செல்லவேண்டியிருந்தது. இசைத்தட்டும் வானொலியும் ஒலிநாடாவும் அவ்வெல்லையைப் படிப்படியே அகற்றின. 2005-இல் தோன்றிய யூடியூபும், 2010-இல் தோன்றிய இன்ஸ்டாகிராமும், அவைபோல்வன பிறவும், பாடுவாரே தம் பாட்டை உலகின்முன் வைக்கும் நிலையை உண்டாக்கிவிட்டன.

இதனால் விளைந்த நன்மையை மறைத்தல் நடுநிலையாகாது. சபையாரின் அழைப்பும் செல்வரின் ஆதரவும் பெறாத சிற்றூர் ஓதுவார் ஒருவர், கைப்பேசி ஒன்றையே துணையாகக்கொண்டு, யாழ்ப்பாணத்தார்க்கும் மலேசியத்தார்க்கும் தம் இசையை எட்டச்செய்கின்றார். தருமபுரம் ப. சுவாமிநாதன் அவர்கள் பாடிவைத்த பதிகங்கள், அவர் மறைந்த பின்னரும் இல்லந்தோறும் ஒலிக்கின்றன. நோய்த்தொற்றால் கோயிற்கதவுகள் அடைபட்ட 2020-ஆம் ஆண்டில், சென்னை மியூசிக் அகாடெமியின் மார்கழி இசைவிழாவும் இணையவழியே நிகழ்ந்தது. தில்லையில் பூட்டுண்டு கிடந்த ஏடுகளைச் செல்லரித்த வரலாற்றை அறிந்த சைவர், பலர் கையிற் பரவி நிற்கும் பதிவை இகழார்.

எனினும், ஆராயத்தக்க குறைகள் மூன்று உள.

முதலாவது, அளவு. இன்ஸ்டாகிராமின் குறுங்காணொளி 2020-இல் 15 விநாடி அளவினதாய்த் தொடங்கிப் பின் நீண்டது. யூடியூபின் குறுங்காணொளி 2024-இல்தான் 60 விநாடியினின்று மூன்று நிமிடமாயிற்று. பதிகமோ பத்து அல்லது பதினொரு பாடல்களால் நிறைவது. ஒரு பாடலைத் துண்டித்து வெளியிடுங்கால் கடைக்காப்பு ஒழிகின்றது. ஓதுதலின் பயன் கூறும் இடமே அஃது. ஞானசம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாடல் இராவணன் செருக்கு அடங்கியதையும், ஒன்பதாம் பாடல் மாலும் அயனும் தேடிக் காணாமையையும் கூறுதல் பெருவழக்கு. தன்முனைப்பால் இறைவனை எட்டலாகாது என்னும் அவ்வுண்மையே, புகழ் நாடும் இடத்தில் முதற்கண் விடுபடுதல் வருந்தத்தக்கது.

இரண்டாவது, பண். தக்கேசியைக் காம்போதியாகவும் மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியாகவும் பாடுதல் ஓதுவார் மரபு. பண்ணின் பெயரையும் தலத்தின் பெயரையும் குறியாது, கேட்டார் உடனே தலையசைக்கும் மெட்டில் அமைத்து, கருவி முழக்கத்திற் சொல்லை அமிழ்த்துவார் சிலர். இசை புதிதாகலாம், சொல் கேளாதொழியின் அது திருமுறை ஓதலாகாது.

மூன்றாவது, மதிப்பு. விளம்பர வருவாய் பெறுதற்கு 1,000 சந்தாதாரரும், ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டுமென யூடியூப் 2018-இல் விதித்தது. இவ்வளவுகோல் கேட்டாரின் தொகையை அளக்குமன்றிப் பண்ணின் தூய்மையை அளவாது. அதற்கு அஞ்சுவார் பலரும் அறிந்த சில பதிகங்களையே மீண்டும் மீண்டும் பாட, ஏறக்குறைய 800 தேவாரப் பதிகங்களில் எஞ்சியன கேட்பாரின்றி நிற்கும்.

ஒரு பாடலேனும் செவியிற் படுதல் நன்றன்றோ எனின், நன்றே. அது வாயிலாக அமைதல் வேண்டும், வாயிலே வீடாகிவிடலாகாது.

இதற்குத் தெளிவு பெரியபுராணத்தே உண்டு. திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் இட்டு வாசித்தலாலேயே சம்பந்தர் பதிகம் புகழ்பெற்றதெனத் தருமபுரத்தில் அவர் சுற்றத்தார் கூறினர். அதுகேட்டு நடுங்கிய பாணர் வேண்ட, பிள்ளையார் யாழில் அடங்காத பதிகம் ஒன்றை அருளினார். பாணர் யாழையே உடைக்கப் புகுந்தார். பிள்ளையார் அதனைத் தடுத்து, கருவியில் வந்த அளவு வாசிக்கப் பணித்தார். பாட்டின் பெருமையைக் கருவிக்கு ஏற்றுதல் சுற்றத்தாரின் பிழை. கருவியை உடைத்தல் தீர்வன்று என்பது பிள்ளையாரின் முடிபு.

இன்றைய யாழ் இணையம். அதனைக் கைக்கொள்ளும் இசைவாணர் பண்ணும் தலமும் குறித்து, பதிகத்தை நிறைவாகப் பாடி வெளியிடுக. துண்டினை வெளியிடின் முழுப் பதிகத்திற்கு வழிகாட்டுக. கேட்கும் அன்பரும் விருப்பக்குறி இடுவதோடு அமையாது, ஒரு பதிகத்தையேனும் கடைக்காப்பு வரை இருந்து கேட்பாராக. அவ்வாறாயின் புகழ் பாடுவாரைச் சார்ந்தாலும், பயன் இருவரையும் சாரும்.

திருச்சிற்றம்பலம்.