ஒரே துலாக்கோல்: பொறுப்புடைமையும் கட்சிச் சார்பும்

அரசுப் பொறுப்பிலிருப்போர் அலுவலகப் பதிவுகளுக்குப் புறத்தே தனிவழியில் செய்தி பரிமாறுதல் தகுமா? அமெரிக்காவில் இவ்வினாவின் விடை கட்சிக்கேற்ப மாறியது. வெளியுறவு அமைச்சராயிருந்தபோது ஹில்லரி கிளிண்டன் தனிப்பட்ட மின்னஞ்சலைப் பயன்படுத்தியதை 2016ஆம் ஆண்டுத் தேர்தலில் வன்மையாகக் கண்டித்தோர் பலர், 2025 மார்ச்சில் டிரம்ப் அரசின் மூத்த அதிகாரிகள் ஏமன் தாக்குதல் பற்றிச் சிக்னல் செயலியில் உரையாடியது வெளிப்பட்டபோது அதனைப் பெரிதுபடுத்தல் வேண்டாவென்றனர். முன்னதைப் பொறுத்தவரோ பின்னதற்குப் பதவி விலகல் கோரினர்.

இப்போக்கு நமக்குப் புதிதன்று; பேரா மாநிலமே சான்றாகும். 2008 மார்ச் 8 தேர்தலில் 59 சட்டமன்றத் தொகுதிகளில் 31இல் வென்று மக்கள் கூட்டணி ஆட்சியமைத்தது. 2009 ஜனவரி இறுதியில் தேசிய முன்னணியின் போத்தா உறுப்பினர் அதன்பால் வந்தபோது, அக்கூட்டணியினர் அதனை மனமாற்றமெனப் போற்றினர். பிப்ரவரி 4இல் அவர் திரும்பிச் சென்றார். பேராங், சங்காட் ஜெரிங், ஜெலாப்பாங் உறுப்பினர் மூவரும் தேசிய முன்னணியை ஆதரித்தனர். அன்று போற்றியோர் துரோகமென்றனர். அன்று சினந்தோர் வரவேற்றனர். பிப்ரவரி 6இல் ஆட்சி மாறியது.

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. கட்சி தாவியோர் முன்னரே கையொப்பமிட்ட, தேதியிடப்படாத விலகல் கடிதங்களைக் கொண்டு அவர்தம் இடங்கள் காலியானவையென அவைத்தலைவர் வி. சிவகுமார் அறிவித்தார், தேர்தல் ஆணையம் அதனை ஏற்கவில்லை. தாவலைக் கண்டித்தோர், வாக்காளர் காணாது கட்சியின் கைக்குள் கிடந்த அத்தாள்களைக் கண்டித்திலர். பொதுப் பதவி பற்றிய முடிவு பொதுப் பதிவிற்கு அப்பால் இருந்ததென்னும் அளவில், தனிப்பட்ட மின்னஞ்சலுக்கும் இக்கடிதங்களுக்கும் வேறுபாடில்லை.

2022 அக்டோபர் 5இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புத் திருத்தம் நாடாளுமன்ற உறுப்பினரின் கட்சித் தாவலைத் தடுக்கிறது. எனினும் கட்சியே நீக்கிய உறுப்பினர் பதவியிழப்பதில்லை. கட்சி முழுமையாக அணி மாறினும் தடையில்லை. சட்டம் எட்டாத இவ்விடங்களில் மக்களின் நடுவுநிலைமையே காவலாகும்.

பேராவின் இரப்பர்த் தோட்டங்களில் பால் நிறுக்கும் தராசையும் கிராணி எழுதும் கணக்கையும் நம்பியே நம் முன்னோர் கூலி பெற்றனர். தராசு ஆளுக்கொரு விதமாய்ச் சாயின் அடுப்பெரியாதென்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வள்ளுவரும் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலையே உவமையாக்கினார். நம் அணியினரின் செயலை நிறுக்கும்போதும் அக்கோல் சாயாதிருத்தலே பொறுப்புடைமையின் முதற்சோதனை. மாணவர்க்கு அக்குறளை விளக்கும் ஆசிரியர் இச்சோதனையைத் தம்மிடமிருந்தே தொடங்குதல் வேண்டும்.